பூவுக்குள் உறங்கும் பூச்சி

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்விட்டு வரும் நம் சங்கத்து அன்பர்கள், வந்ததும் இந்த மலரில் ஒரு பயணக் கட்டுரை எழுதுவது வழக்கம். நயாகரா நீர்வீழ்ச்சி, சுதந்திர தேவி சிலை, பிட்ஸ்பர்க் வேங்கடாசலபதி கோயில், அங்கே கிடைக்கும் புளியோதரை என்று பலரும் பலவிதமாக எழுதியாகிவிட்டது. ஆகவே அவற்றையெல்லாம் நான் விட்டுவிடுகிறேன். நான் எழுதப் போவது ஒரு பூச்சியைப் பற்றி. பட்டாம்பூச்சி என்றாலாவது பரவாயில்லை, இது அந்துப்பூச்சி. அந்து என்றதும் பட்டுப்புடவையும் அரிசி டின்னும் நினைவுக்கு வந்து முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். இந்த அந்து புடவையைத் தொடாது. ரோஜா நிறத்தில் இருக்கும். பகல் முழுவதும் ஒரு மஞ்சள் பூவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு தூங்கும்.

ஆங்கிலத்தில் அதை 'பிரிம்ரோஸ் மாத்' என்கிறார்கள். அறிவியல் பெயர் 'ஸ்கினியா ஃப்ளோரிடா'. ஃப்ளோரிடா மாநிலத்தின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் பூ நிறைந்தது, பூத்திருப்பது என்று பொருள். பெயர் சூட்டியவர் அஷில் கெனே என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1852. தொழிலால் அவர் வழக்கறிஞர். கட்சிக்காரர்களுக்கு நடுவே உலகெங்கும் உள்ள அந்துப்பூச்சிகளை வகைப்படுத்தித் தடித்தடிப் புத்தகங்களாக எழுதிக்கொண்டிருந்தார். நம் ஊர் வக்கீல்கள் சங்கீத சபை நடத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

முப்பது வருடம் பாடம் நடத்திய செடி

பூச்சிக்கு முன்னால் செடியைச் சொல்லியாக வேண்டும். செடி இல்லாமல் இந்தப் பூச்சி இல்லை.

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் நடத்தும்போது ஹியூகோ டி வ்ரீஸ் வருவார். ஹாலந்து நாட்டுக்காரர். 1886-இல் ஹில்வர்சம் என்ற ஊருக்கு அருகே, பயிர் செய்யாமல் விட்டிருந்த ஓர் உருளைக்கிழங்கு வயலில் ஈவினிங் பிரிம்ரோஸ் செடிகள் மண்டிக் கிடப்பதைக் கண்டார். அவற்றில் சில மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருந்தன. அதை வைத்து அவர் எழுப்பியதுதான் 1901-இல் வெளியான 'மியூட்டேஷன்' கொள்கை. பரீட்சைக்கு அடிக்கடி வரும் கேள்வி என்பதால் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தச் செடியை நான் கண்ணால் பார்த்ததில்லை. என் மாணவர்களும் பார்த்ததில்லை. நம்மில் பலருக்கு அதன் பெயர் மருந்துக்கடையில்தான் அறிமுகம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் 'பிரிம்ரோஸ் ஆயில்' மாத்திரை அதன் விதையிலிருந்து எடுத்த எண்ணெய்.

2022-இல் மகள் வீட்டுக்குப் போனேன். மிச்சிகன் மாநிலத்தில், லான்சிங் நகரத்துக்குச் சற்றுத் தள்ளி வீடு. பின்பக்க வேலியோரத்திலும், முன்னால் தபால் பெட்டியின் காலடியிலும் இடுப்புயரத்துக்குச் செடிகள் நின்றன. ஒரு தண்டில் பத்துப் பன்னிரண்டு மொட்டுகள். இது என்ன செடி என்று மகளிடம் கேட்டேன். "ஏதோ களைம்மா, தானா முளைச்சது" என்றாள். அன்று மாலை அது பூத்தபோது விஷயம் தெரிந்துவிட்டது. எலுமிச்சை மஞ்சளில் நான்கு இதழ்கள். நடுவில் பெருக்கல் குறி போல நாலாகப் பிரிந்த சூல்முடி. நான் எத்தனையோ தடவை படம் போட்டுக் காட்டிய அதே பூ!

அது பூக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பீர்க்கம் பூவும் அந்திமந்தாரையும் சாயங்காலம் மலர்வதை ஊரில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் எப்போது மலர்ந்தது என்று சொல்ல முடியாது. திரும்பிப் பார்த்தால் மலர்ந்திருக்கும். பிரிம்ரோஸ் அப்படி இல்லை. வெளிச்சம் மங்கியதும் மொட்டு ஒரு நடுக்கம் நடுங்கும். பச்சைப் புல்லி இதழ்கள் பட்டென்று பின்னால் மடியும். சுருட்டி வைத்த இதழ்கள் கண்ணெதிரே விரியும். எல்லாம் ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கோடையில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகும். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நானும் என் ஒன்பது வயதுப் பேத்தியும் தினமும் இந்த வேடிக்கையைப் பார்க்க உட்கார்ந்துவிடுவோம். மறுநாள் வெயில் ஏறியதும் பூ வாடிவிடும். ஒரே இரவு ஆயுள். ஆனால் தண்டு நுனி வளர வளரப் புதிய மொட்டுகள் வந்துகொண்டே இருப்பதால் செடி வாரக் கணக்கில் பூத்தபடி நிற்கும்.

ஜூலை இரண்டாவது வாரம், காலையில் வாடிய பூக்களைப் பேத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். "பாட்டி, இந்தப் பூவுக்குள்ள இன்னொரு பூ இருக்கு" என்று கூப்பிட்டாள். பூவின் வாய்க்கு வெளியே மஞ்சள் நுனி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ரோஜா நிறம். பூவை அசைத்ததும் அது லேசாக உள்ளே நகர்ந்தது.

அடையாளம் காண்பது எப்படி?

இன்றைய பிள்ளைகள் பூச்சியைக் கண்டால் முதலில் செய்வது போனை எடுத்துப் படம் பிடிப்பது. என் பேத்தியும் அதைத்தான் செய்தாள். போனில் இருந்த ஏதோ ஒரு செயலி படத்தைப் பார்த்துவிட்டு, 'ரோஸி மேப்பிள் மாத்' என்றது. அமெரிக்காவில் ரோஜாவும் மஞ்சளும் கலந்த அந்து என்றால் பலருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். பொம்மைக் கடையிலிருந்து வந்தது போல அத்தனை அழகு. ஆனால் அது இது அல்ல.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. மேப்பிள் அந்துவின் முன்சிறகில் அடிப்பக்கம் ரோஜா, நடுவில் மஞ்சள் பட்டை, ஓரத்தில் மறுபடியும் ரோஜா. நம் பிரிம்ரோஸ் அந்துவில் அடியிலிருந்து முக்கால் பங்கு சிறகு முழுவதும் ரோஜா. வெளி ஓரம் மட்டும் வெளிர் மஞ்சள். புடவைக்குக் கரை வைத்தது போல என்றால் எல்லோருக்கும் புரியும். மேப்பிள் அந்து பட்டுப்பூச்சிக்கு உறவு. உடம்பெல்லாம் மஞ்சள் கம்பளி போர்த்தினாற்போல் இருக்கும், அளவிலும் பெரியது. வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக் காலத்தை ஓட்டிவிடும். பிரிம்ரோஸ் அந்து சிறியது. சிறகை விரித்தால் நுனிக்கு நுனி சுமார் 3 சென்டிமீட்டர். பின்சிறகு வெண்மை.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது எந்தச் செடியில் இருந்தது? மேப்பிள் அந்துவின் புழு மேப்பிள் மரத்து இலையைத் தின்பது. பிரிம்ரோஸ் பூவுக்குள் தலைகீழாகத் தூங்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. செயலியிடம் யாரும் பூவைப் பற்றிச் சொல்லவில்லை. படத்தில் சிறகு மட்டுமே தெரிந்தது. பூவும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். இம்முறை சரியான பெயர் வந்தது.

ஸ்கினியா என்ற பேரினத்துக்கே 'பூ அந்துகள்' என்றுதான் பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன; பெரும்பாலானவை வட அமெரிக்காவில். ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி, அல்லது ஒன்றுக்கொன்று உறவான இரண்டு மூன்று செடிகள். கோல்டன்ராட் பூவுக்கு ஒன்று, ராக்வீட் என்ற களைக்கு ஒன்று என்று பாகப் பிரிவினை செய்துகொண்டு வாழ்கின்றன. கொலராடோ மலையடிவாரத்தில் ஒன்று உண்டு, ஸ்கினியா மேசோனி. அது கெய்லார்டியா பூவில் வாழ்வது. தில்லியில் ரவுண்டானாக்களிலும் பூங்காக்களிலும் கோடையின் தொடக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிறதே, அந்த ஜாதிதான். அந்த அந்துவுக்குத் தலையும் மார்பும் மஞ்சள், சிறகு அடர்ந்த சிவப்பு. பூவின் மேல் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் நின்று பார்த்தாலும் பூ தெரியும், பூச்சி தெரியாது.

கனடாவைச் சேர்ந்த டேவிட் ஹார்ட்விக் என்ற அறிஞர் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கூட்டத்துக்கே செலவிட்டவர். 1958-இல் ஒரு நீண்ட ஆய்வு, 1996-இல் வட அமெரிக்க இனங்கள் எல்லாவற்றுக்குமான பெரிய நூல். பூச்சியைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் வைப்பதோடு நிறுத்தாமல், எந்தப் புழு எந்தப் பூவைத் தின்கிறது, எப்படி வளர்கிறது என்று வளர்த்துப் பார்த்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மதிப்பு. வண்ணம் ஏமாற்றும், வெயிலில் வெளுக்கும், சிறகில் உள்ள செதில் உதிர்ந்தால் ரோஜாகூடச் சாம்பலாகத் தெரியும். தின்னும் பூ அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

பூதக்கண்ணாடி கையில் இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். ஸ்கினியா அந்துகளின் முன்காலில் தடித்த நகங்களைப் போன்ற முட்கள் இருக்கும். நோகாமல் பார்க்க வேண்டுமென்றால், பூச்சி கண்ணாடிக் குவளையின் உட்சுவரில் ஏறும்போது அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். பார்த்துவிட்டு அதே பூவில் கொண்டுபோய் விட்டோம்.

வட அமெரிக்க அந்துகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் சேர்த்து 1983-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். நம்முடையதன் எண் 11164. பேத்தி அதை ரேஷன் கார்டு நம்பர் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டாள். ரேஷன் கார்டு என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று!

ஒரு செடியில் ஒரு வாழ்க்கை

பெண் அந்து இரவில் மொட்டுகளில் முட்டை வைக்கிறது. பொரிந்து வரும் புழு பச்சை நிறம். முதலில் மொட்டைக் குடைந்து தின்னும், பிறகு பூ, அதன் பிறகு காய். பிரிம்ரோஸ் காய் நம் வெண்டைப் பிஞ்சைச் சுண்டுவிரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கித் தண்டோடு ஒட்டவைத்தது போல இருக்கும். புழுவும் அதே நிறம், ஏறத்தாழ அதே பருமன். காயோடு காயாகப் படுத்துக்கொண்டால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. காயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதே சுலபமான வழி. வளர்ந்து முடிந்ததும் இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். மிச்சிகன் பனியும் குளிரும் அதன் தலைக்கு மேல் போகும். அடுத்த கோடையில், செடி பூக்கும் நேரத்தில், வெளியே வரும்.

பூவுக்குள் தூங்குகிறது, பூவையே தின்கிறது, விதையையும் விடுவதில்லை. அப்படியானால் இது செடிக்குப் பகைதானே என்று கேட்கலாம். பகைதான். ஆனால் அந்தப் பகை இல்லாவிட்டால் செடி என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அனுராக் அகர்வால், இந்திய வம்சாவளியினர். அவரும் சகாக்களும் இந்தச் செடியைத் தனித்தனிப் பாத்திகளில் வளர்த்தார்கள். பாதிக்குப் பூச்சிமருந்து அடித்தார்கள், பாதியைப் பூச்சிக்கே விட்டார்கள். ஐந்து வருடம் இப்படி. முடிவு 2012-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. பூச்சி தொடாத பாத்திகளில், சில தலைமுறைகளுக்குள்ளேயே, சீக்கிரம் பூக்கும் வகைகள் பெருகிவிட்டன. காயில் புழுவைத் தடுக்கும் துவர்ப்பான வேதிப்பொருளும் குறைந்துவிட்டது. எதிரி இல்லாத இடத்தில் ஆயுதத்துக்கு வேலை இல்லை. பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருடம் என்று வகுப்பில் சொல்லிப் பழகிய எனக்கு, ஐந்தே வருடத்தில், அதுவும் டி வ்ரீஸ் பார்த்த செடிக்கு உறவான செடியில் நடந்தது என்பதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. டி வ்ரீஸ் கண்ட மாறுதல்களில் பெரும்பாலானவை அவர் நினைத்த மாதிரியான மியூட்டேஷன்கள் அல்ல, இந்தச் செடியின் குரோமோசோம்கள் செய்யும் விசித்திரம் என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். செடி என்னவோ இன்னும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த அந்துவின் சொந்தக்காரர் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார்; அவரை விவசாயிகள் அனைவருக்கும் தெரியும். துவரையிலும் கடலையிலும் பருத்தியிலும் காயைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு. குளிர்காலத்தில் தில்லி மார்க்கெட்டில் 'சோலியா' என்று பச்சைக் கொண்டைக்கடலை வாங்கி உரிக்கும்போது சில சமயம் உள்ளே நெளிவாரே, அவர்தான். இரண்டும் ஒரே துணைக்குடும்பம். ஆனால் குணத்தில் எவ்வளவு வித்தியாசம்! காய்ப்புழு நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும். எந்தக் கண்டத்தில் விட்டாலும் பிழைக்கும். அதன் வாயிலிருந்து பருத்தியைக் காக்கத்தான் 2002-இல் பி.டி. பருத்தியே நம் நாட்டில் வந்தது. நாம் அதற்கு 'அமெரிக்கன் காய்ப்புழு' என்று பெயர் வைத்திருக்கிறோம். அது ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பாக்காரர். அமெரிக்கக் கண்டத்தில், பிரேசிலில், அது இருப்பது உறுதியானதே 2013-இல்தான். உண்மையான அமெரிக்கரான பிரிம்ரோஸ் அந்துவோ யார் வயலையும் தொடாமல், ஒரு களைச்செடியை நம்பி வாழ்கிறது. அந்தச் செடி போனால் அதுவும் போயிற்று.

தபால் பெட்டியின் கீழே

செடி போகும் நிலைமை எங்கள் வீட்டிலேயே வந்தது. ஜூலைக் கடைசியில் அந்தக் குடியிருப்பின் சங்கத்திலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம். உங்கள் மனையில் களைகள் வளர்ந்துள்ளன, பதினான்கு நாட்களுக்குள் வெட்டவும், தவறினால் அபராதம். அங்கே புல்வெளி என்பது கௌரவப் பிரச்சினை. நம் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போடாத வீட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு கிளம்பினார். "அத்தை, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும். விதை எடுத்து வெச்சுக்கலாமா?" என்றார். நான் சொன்னேன்: "விதையைப் பத்திக் கவலையில்லை மாப்பிள்ளை. அது எண்பது வருஷம்கூடக் காத்திருக்கும்."

பேச்சுக்குச் சொன்னதில்லை. அதே லான்சிங் பக்கத்தில், இப்போது மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமாக இருக்கும் இடத்தில், 1879-இல் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் இருபது பாட்டில்களில் மணலோடு களை விதைகளைக் கலந்து பூமிக்குள் புதைத்தார். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றும் நடக்கிறது, கடைசியாக எடுத்தது 2021-இல். எண்பது வருடம் கழித்து எடுத்த பாட்டிலிலும் ஈவினிங் பிரிம்ரோஸ் முளைத்தது. ஆக, செடியை யாரும் லேசில் ஒழித்துவிட முடியாது. பூச்சிக்கு அந்த வசதி இல்லை. அதன் கூட்டுப்புழு எண்பது வருடம் காத்திருக்காது. அது வெளியே வருகிற கோடையில் பூ இருந்தாக வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். பிரிம்ரோஸ் இரண்டு வருடச் செடி. முதல் வருடம் தரையோடு தரையாக, முள்ளங்கிச் செடி போல வட்டமாக இலை விரித்துக் கிடக்கும். அடியில் கிழங்கு மாதிரி வேர். இரண்டாம் வருடம்தான் தண்டு விட்டுப் பூத்து, விதைத்து, சாகும். இந்தக் கோடையில் நிற்கும் உயரமான செடிகளை மட்டும் காப்பாற்றினால் போதாது. காய்க்குள் இருக்கும் புழு மண்ணில் இறங்கும்வரை அவை நிற்க வேண்டும். அடுத்த கோடையில் பூக்கப் போகிற தரையோட்டுச் செடிகளும் பிழைக்க வேண்டும். மண்ணையும் கிளறக் கூடாது. புல் வெட்டும் இயந்திரம் முதலில் காலி செய்வது இந்தத் தரையோட்டு இலைகளைத்தான்.

இவ்வளவையும் காப்பி ஆறுவதற்குள் மாப்பிள்ளைக்கு விளக்கினேன். எஞ்சினியர் அல்லவா, கடைசியில் அவர் கேட்டது இதுதான்: "எத்தனை நாள் வேணும் அத்தை?" செப்டம்பர் முடியும்வரை என்றேன். அவர் அந்தச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அழகு, ஜீவகாருண்யம் என்றெல்லாம் எழுதவில்லை. இது உள்நாட்டுச் செடி, இன்ன பூச்சி இதில் வாழ்கிறது, படம் இணைத்திருக்கிறேன், வேலியோரம் இத்தனை அடி நீளத்துக்கு மட்டும் விடுகிறேன், சுற்றிலும் புல்லை ஒழுங்காக வெட்டுகிறேன் என்று கணக்காக எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. வேலியோரத்துக்கு அனுமதி. தபால் பெட்டிக்குக் கீழே இருப்பது போக வேண்டும்.

அது போயிற்று. வெட்டுவதற்கு முன்னால் நானும் பேத்தியும் ஒவ்வொரு காயாகப் பார்த்தோம். ஓட்டை விழுந்த காய்களைக் காம்போடு கிள்ளிக் கொண்டுபோய் வேலியோரச் செடிகளின் மேல் வைத்தோம். பதினோரு புழுக்கள். இரண்டு மணி நேர வேலை. பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாள் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, தானும் வந்து குனிந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தப் பதினோராவது அவருடையது.

செப்டம்பரில் காய்கள் காய்ந்து நுனி நாலாகப் பிளந்தன. தங்கநிறச் சின்னக் குருவிகள், கோல்ட்ஃபின்ச் என்பார்கள், தண்டில் தொற்றிக்கொண்டு விதை கொத்தின. புழுக்கள் எதுவும் கண்ணில் படவில்லை. மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். எத்தனை இறங்கின என்று தோண்டிப் பார்க்க முடியாதல்லவா? அக்டோபரில் நான் தில்லி திரும்பிவிட்டேன்.

2023 ஜூலையில் ஒரு காலை ஏழு மணிக்குப் பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. கையில் டார்ச். வேலியோரம் ஆறு செடிகள் தண்டு விட்டிருந்தன. ஒரு பூவில் ரோஜா நிறம் உட்கார்ந்திருந்தது. பூவின் குழலுக்குள் உறிஞ்சுகுழலை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதம் முழுவதும் அவள் எண்ணியதில் ஒரே நாளில் அதிகபட்சமாகப் பார்த்தது நான்கு. நோட்டுப் புத்தகத்தில் தேதி, மலர்ந்த பூ எத்தனை, அந்து எத்தனை என்று மூன்று கட்டம் போட்டு எழுதுகிறாள். மாப்பிள்ளையின் கை வேலை அந்தக் கட்டங்களில் தெரிகிறது.

இந்த வருடம் ஜூலை, ஆகஸ்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்காகச் சில குறிப்புகள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் மன்னிக்கவும். ராக்கி மலைக்குக் கிழக்கே தேடுவதுதான் உத்தமம். செடி தோட்டத்தில் இருக்காது. ரயில் பாதையோரம், சாலையோர மேடு, கட்டடம் இடித்த காலி மனை போன்ற இடங்களில் பாருங்கள். மஞ்சள் பூ, நான்கு இதழ், நடுவில் பெருக்கல் குறி. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், முந்தைய இரவு மலர்ந்து பாதி வாடிய பூக்களின் வாயைப் பாருங்கள். பச்சையும் செம்புநிறமுமாக மின்னும் வண்டு இருந்தால் அது ஜப்பான் வண்டு; அதற்கும் இந்தச் செடி என்றால் உயிர். வெளிர் மஞ்சள் நுனி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் நாம் தேடுவது. பூவோடு சேர்த்துப் படம் எடுங்கள். இதழைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். நாற்காலி போட்டு உட்காரப் பொறுமை இருந்தால், சாயங்காலம் பக்கத்து மொட்டு மலரும் நேரத்துக்கு அது தானாகவே வெளியே வரும்.